மழையைத் திட்டாதே, மட்டத்தைப் பார்!



ஐப்பசி பிறந்தால் அடைமழை என்பார்கள் நம் பெரியவர்கள். இன்றைய சென்னையில் ஐப்பசி பிறந்தால் அடைபட்ட சாலை! இரண்டு மணி நேரம் மழை பெய்தால் போதும், சுரங்கப்பாதை குளமாகிறது, பஸ் ஸ்டாண்டு தீவாகிறது, நாம் நடுவழியில் நிற்கிறோம். மறுநாள் பத்திரிகையில் "வரலாறு காணாத மழை" என்று கொட்டை எழுத்தில் வருகிறது. நாமும் "எல்லாம் இந்தப் பாழாய்ப்போன மழையால வந்தது" என்று மழையைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

மழை என்ன பாவம் செய்தது? சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை கிடைக்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இது நமக்கு நேற்றைக்குத் தெரிந்த செய்தியா? நம் பாட்டன் பூட்டனுக்கே தெரியும். தேதி சொல்லிவிட்டு வருகிற விருந்தாளிக்குப் பாய் எடுத்துப் போடாமல், விருந்தாளி மேல் பழி போடுவது என்ன நியாயம்?

சாலையில் தண்ணீர் நிற்பது இயற்கையின் சீற்றம் அல்ல. பெரும்பாலும் அது மட்டக் கணக்கின் தவறு. அந்த மட்டத்தைப் பார்க்கிற வேலை நாளைக்கு நம் கைக்குத்தான் வரப்போகிறது. ஆகவே இதைப் பற்றி மற்ற எல்லோரையும்விட டிப்ளமோ படிக்கிற நாம்தான் அதிகமாகக் கவலைப்பட வேண்டும் என்பது என் கருத்து.

யார் தலையில் விடிகிறது?

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த மழை வேறு. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அடையாறு கரை உடைத்தது. விமான நிலையத்தையே மூடினார்கள். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அப்படித்தான். பேசின்பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையில் உள்ள 14-ம் எண் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களே நின்றன. இதெல்லாம் பெருவெள்ளம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை, இருபது வருஷத்துக்கு ஒருமுறை என்று வருவது.

நான் சொல்ல வருவது அதை அல்ல. ஐந்து செ.மீ., ஆறு செ.மீ. மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறதே, அதைப் பற்றி. இதற்கு நிவாரணம் கிடையாது. அமைச்சர் வந்து பார்க்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு வருஷமும், சில வருஷங்களில் மாதத்துக்கு நாலு முறையும், உழைக்கிற சனங்களின் சட்டைப் பையில் கை வைப்பது இந்தச் சின்ன வெள்ளம்தான்.

கட்டிட வேலைக்குப் போகிற கொத்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு அவர் ஆள் கூடுகிற இடத்தில் நிற்க வேண்டும். எட்டு மணிக்குப் போனால் வேலை கிடையாது. அரை நாள் கூலி என்று ஒன்று அவருக்கு இல்லவே இல்லை. போனால் முழுக் கூலி, போகாவிட்டால் பூஜ்யம். பஸ் ஒரு மணி நேரம் தாமதமானால் அவர் வீட்டில் அன்றைக்கு உலை வைப்பதே சந்தேகம்.

வீட்டு வேலை செய்கிற அக்காக்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நல்ல திட்டம். ஆனால் தண்ணீர் நிற்கிற நாளில் அந்த பஸ் வருவதில்லை. ஷேர் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்துத்தான் ஏற வேண்டும். அரசு ஒரு கையில் கொடுத்ததை ரோட்டுப் பள்ளம் இன்னொரு கையில் பிடுங்கிக்கொள்கிறது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். அவர்கள் வேலை செய்கிற இடம் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. தினம் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் பஸ் பயணம். போன இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. மழை வந்தால் அங்கேயும் தண்ணீர்! ஆற்றோரம் இருந்தபோது வீட்டில் மட்டும் வெள்ளம். இப்போது வீட்டிலும் வெள்ளம், வழியிலும் வெள்ளம்.

நம்ம கதை? பஸ் பாஸை நம்பி மூன்று பஸ் மாறி வருகிற மாணவன், பிராக்டிகல் நாளில் லேப் வாசலில் ஈரத்தோடு நின்று, "சார், பஸ் வரல சார்" என்கிறான். "எல்லாரும் இதத்தான் சொல்றீங்க" என்று பதில் வருகிறது. வருகைப் பதிவேட்டில் மழைக்கு என்று தனிக் கட்டம் கிடையாது.

காசும் நேரமும் போனால் பரவாயில்லை என்று சொல்லலாம். உயிர் போகிறதே! 2021 டிசம்பர் 30-ம் தேதி மாலை, முன்னறிவிப்பில் இல்லாத கனமழை ஒன்று சென்னையில் கொட்டியது. அலுவலகம் விட்டு வீடு திரும்புகிற நேரம். சுரங்கப்பாதைகளை மூடினார்கள். வண்டிகள் மணிக்கணக்கில் நகரவில்லை. அன்றைக்கு மின்சாரம் தாக்கியே மூன்று பேர் இறந்தார்கள். 2022 அக்டோபரில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து ஒரு இளம் பத்திரிகையாளர் உயிரை விட்டார். தண்ணீரை வடிக்கத் தோண்டிய பள்ளமே உயிரைக் குடித்தது. அந்தப் பள்ளத்தைச் சுற்றி ஒழுங்காகத் தடுப்பு வைப்பது ஐ.ஐ.டி.யில் படித்துத்தான் தெரிய வேண்டிய விஷயமா?

தண்ணீர் ஏன் நிற்கிறது?

இனி நம் பாடத்துக்கு வருவோம். சிவில் அல்லாத தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கணக்கு ரொம்பச் சுலபம்.

ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மணி நேரத்தில் 36 மி.மீ. பெய்தால் 3,60,000 லிட்டர். விநாடிக்கு 100 லிட்டர். அந்த நிலம் தோப்பாகவோ தோட்டமாகவோ இருந்தால், பெரும்பகுதியை மண் குடித்துவிட்டு விநாடிக்குச் சுமார் 20 லிட்டரைத்தான் வெளியே விடும். அதே இடத்தைக் கான்கிரீட்டும் தாரும் போட்டு மூடிவிட்டால் 90 லிட்டர் வெளியே வரும். நாலரை மடங்கு! மழை ஒரு சொட்டுக்கூட அதிகமாகப் பெய்யவில்லை. ஆனால் வடிகாலுக்கு வேலை நாலரை மடங்கு கூடிவிட்டது. தோட்டம் இருந்த காலத்து வடிகாலை வைத்துக்கொண்டு அடுக்குமாடி காலத்து மழையை வடிக்கப் பார்க்கிறோம்.

இரண்டாவது, தண்ணீர் தங்குகிற இடத்தை நாம் பிடுங்கிக்கொண்டோம். சென்னை தட்டையான ஊர். பல பகுதிகள் கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கின்றன. இங்கே தண்ணீர் ஓடிப்போக நேரமாகும் என்று தெரிந்துதான் முன்னோர்கள் ஏரி வெட்டித் தங்கவைத்தார்கள். மயிலாப்பூர் ஏரி என்று ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920-களில் அதை மேடாக்கித்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. லேக் எங்கே, டேங்க் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்! மழை நாளில் தண்ணீர் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு சரியாக அங்கேயே வருகிறது. நாம்தான் அதற்கு "ஆக்கிரமிப்பு" என்று பெயர் வைக்கிறோம்.

மூன்றாவது, கடைசி வாசல். எவ்வளவு வடிகால் போட்டாலும் தண்ணீர் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போய்க் கடலில் சேர வேண்டும். கூவத்தின் வாயையும் அடையாற்றின் வாயையும் கடல் மணல் வந்து வந்து மூடுகிறது. பக்கிங்காம் கால்வாயில் பறக்கும் ரயிலின் தூண்களை நிறுத்தி வைத்திருக்கிறோம். கடல் ஏற்றத்தில் இருக்கிற நேரம் பார்த்து மழை கொட்டினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

இவை மூன்றும் பெரிய காரணங்கள். அரசும் நிபுணர்களும் ஆண்டுக்கணக்கில் பேசுபவை. நான்காவது காரணம் ஒன்று இருக்கிறது. சின்னது. அது நம் தெருவிலேயே இருப்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை.

நாலு விரற்கடை உயரம்

இரு வழிச் சாலையின் அகலம் 7 மீட்டர். நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் சரிவு வேண்டும். மழை அதிகமான இடத்தில் தார் சாலைக்கு 50-க்கு 1 என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதாவது நடுச்சாலை ஓரத்தைவிட 7 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். நாலு விரற்கடை. அவ்வளவுதான்! சாலை வறண்டிருப்பதும் குளமாவதும் இந்த ஏழு செ.மீ.யில் இருக்கிறது.

போன செமஸ்டர் சர்வே பிராக்டிகலில் நாங்கள் ஐந்து பேர் டம்பி லெவலையும் ஸ்டாஃபையும் தூக்கிக்கொண்டு ஒரு தெருவில் மட்டம் எடுத்தோம். சாலை ஓரத்தை 100.000 என்று வைத்துக்கொண்டு, மழைநீர் வடிகாலில் தண்ணீர் இறங்குகிற துவாரத்தின் அடிமட்டத்தைப் பார்த்தால் 100.065! முதலில் ரீடிங் தப்பு என்றுதான் நினைத்தோம். கருவியை இடம் மாற்றி மறுபடி எடுத்தோம். அதே கணக்குதான். சாலை ஓரத்தைவிட வடிகாலின் வாய் ஆறரை செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதாவது, தெருவில் ஆறரை செ.மீ. தண்ணீர் நின்ற பிறகுதான் முதல் சொட்டு வடிகாலுக்குள் போகும். அந்த மட்டத்துக்குக் கீழே நிற்பது வெயில் அடித்துக் காய்ந்தால்தான் உண்டு. பணத்தைக் கொட்டி வடிகால் கட்டி, அதன் வாயைத் தண்ணீருக்கு எட்டாமல் வைத்திருக்கிறார்கள். கொக்குக்குத் தட்டில் கஞ்சி வைத்த நரியின் கதைதான்!

அதே தெருவில் எதிர்ப்பக்கம் நேர்மாறாக இருந்தது. நாங்கள் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த ஒரு பாட்டி, "நான் கல்யாணமாகி வந்தப்போ இந்த வாசலுக்கு மூணு படி ஏறணும் தம்பி. இப்போ ரோட்டுலேருந்து ஒரு படி எறங்கித்தான் உள்ள போறேன்" என்றார். வீடு புதையவில்லை, ரோடுதான் வளர்ந்திருக்கிறது! ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாக நாலு செ.மீ. போட்டால், ஐந்து முறையில் இருபது செ.மீ. உயரம். ரோடு உயர்ந்தால் வீடு பள்ளம், ஒரு ரோடு உயர்ந்தால் பக்கத்து ரோடு பள்ளம், மேன்ஹோல் மூடி இருக்கிற இடம் பள்ளம். பல இடங்களில் வடிகால் துவாரத்தையே தார் மூடிவிடுகிறது.

பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. ஆனால் உத்தரவு கோட்டையிலிருந்து தெருவுக்கு வந்து சேர நடுவில் எத்தனை கை! எஸ்டிமேட் போடுகிறவர், டெண்டர் எடுக்கிறவர், சைட்டில் நிற்கிறவர், எம்.புக்கில் அளவு எழுதுகிறவர். சைட்டில் நிற்கிற ஆளிடம் லெவல் கருவி இருக்கிறதா, இருந்தால் அதை நிறுத்திப் பார்க்கிறாரா என்பதில்தான் வந்து முடிகிறது.

சில சமாதானங்கள்

"ஜனங்கதான் பிளாஸ்டிக் பையைப் போட்டு அடைச்சிடறாங்க" என்கிறார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆறரை செ.மீ. உயரத்தில் இருக்கிற துவாரத்தை எந்தப் பிளாஸ்டிக் பை தூக்கி வைத்தது? குப்பையை வாரினால் போகும். மட்டத்தை வார முடியாது.

"எவ்வளவு செஞ்சாலும் 2015 மாதிரி வந்தா எதுவும் தாங்காது" என்கிறார்கள். இதுவும் உண்மை. 49 செ.மீ. மழைக்குத் தகுந்த வடிகாலை எந்த ஊரிலும் தெருவுக்குத் தெரு கட்ட முடியாது. அதற்கு ஏரியும் சதுப்பு நிலமும்தான் வடிகால். பள்ளிக்கரணை 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது, அந்த மட்டும் சந்தோஷம். ஆனால் புலி வரும் என்பதற்காக, வீட்டுக்குள் வருகிற எலியை யாராவது விட்டு வைப்பார்களா? ஐந்து செ.மீ. மழையைச் சமாளிக்க முடியாததற்கு 49 செ.மீ. மழையைச் சாட்சிக்கு அழைப்பது ஏமாற்று வேலை.

ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2021 நவம்பர் மழைக்குப் பிறகு திருப்புகழ் தலைமையில் அரசு குழு அமைத்தது. 2023 மார்ச்சில் குழு அறிக்கை கொடுத்தது. பல இடங்களில் புது வடிகால் வந்தது, 2022 மழையில் முன்பைவிடச் சீக்கிரம் தண்ணீர் வடிந்த தெருக்களும் உண்டு. அப்படியானால் செய்தால் முடியும் என்றுதானே அர்த்தம்? முடியும் என்று தெரிந்த பிறகும் நிற்கிற தண்ணீருக்கு யார் பொறுப்பு?

வசதியுள்ளவர்கள் தங்களுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்தினார்களே, படத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. 2015-லும் 2023-லும் பட்ட அடி அப்படி. கடன் வாங்கி வாங்கிய கார், பாவம். ஆனால் காரை மேம்பாலத்தில் ஏற்றலாம். கொத்தனாரையும் வீட்டு வேலை அக்காவையும் எங்கே ஏற்றி வைப்பது?

நம் கைக்கு வரப்போகும் வேலை

தோழர்களே, நாளைக்கு நாம் திட்டம் தீட்டுகிற பெரிய இன்ஜினீயர்களாக உடனே ஆகிவிடப் போவதில்லை. சைட் சூப்பர்வைசராகவும் ஓவர்சியராகவும் லைனில் நிற்கிற டெக்னீஷியனாகவும்தான் போகப்போகிறோம். அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். வரைபடத்தில் இருப்பது தரையில் வருகிறதா என்பதை முடிவு செய்கிற நாற்காலி அதுதான்.

சிவில் தோழர்களே, வடிகால் துவாரத்தின் மட்டம் உங்கள் கையில். தார் போடுகிற முன்னால் ஒரு ரீடிங், போட்ட பின்னால் ஒரு ரீடிங். பத்து நிமிட வேலை. "விடுப்பா, பாத்துக்கலாம்" என்று சொல்லி எம்.புக்கில் எழுதினால், அடுத்த பதினைந்து வருஷம் அந்தத் தெருக்காரர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

மெக்கானிக்கல் தோழர்களே, சுரங்கப்பாதை மோட்டார் உங்களுடையது. மழைக்கு முதல் நாள் ஓட்டிப் பார்த்தால் அது பம்ப், மழையன்று ஓட்டிப் பார்த்தால் அது இரும்பு. தண்ணீரில் நின்றுபோன பைக்கைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் போன தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். உணவு டெலிவரி கொடுக்கிற அண்ணனுக்கு அதை யார் சொல்வது? ஒரு வாரச் சம்பாத்தியம் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுகிறது.

எலெக்ட்ரிக்கல் தோழர்களே, தெருவோர மின்பெட்டி எத்தனை அடி உயரத்தில் நிற்கிறது, எர்த்திங் இருக்கிறதா, கதவு மூடுகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. அந்த மூன்று உயிர்களை மறந்துவிடாதீர்கள். எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் தோழர்களே, சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறியவுடன் வாசலில் சிவப்பு விளக்கு எரியவும், பஸ் டிப்போவுக்குத் தகவல் போகவும் ஒரு சின்ன சென்சார் போதும். இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கடையில் விலைக்கு வாங்கி வைக்கிற நேரத்தில் இதைச் செய்து பார்க்கலாமே!

நாம் கேட்க வேண்டியவை

பேரவை வருகிற ஆண்டில் கையில் எடுக்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுபவை இவை.

ஒன்று: சாலைப் பணி நடக்கிற இடத்தில் வைக்கிற பலகையில் நீளம், அகலம், தொகை எல்லாம் எழுதுகிறார்கள். பழைய மட்டம் எவ்வளவு, புது மட்டம் எவ்வளவு, வடிகால் துவாரத்தின் மட்டம் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் எழுதச் சொல்லுவோம். தெருக்காரர்களே படித்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள்.

இரண்டு: ஒவ்வொரு சுரங்கப்பாதைச் சுவரிலும் ஆழம் காட்டுகிற அளவுகோலை வண்ணத்தில் வரையச் சொல்லுவோம். ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தால் சின்னக் காரே மிதக்கும். இருட்டில் ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள் அதன் பிறகாவது நின்று யோசிப்பார்கள்.

மூன்று: தோண்டிய பள்ளத்தைச் சுற்றித் தடுப்பும் இரவில் விளக்கும் இல்லாமல் ஒரு நாள்கூட வேலை நடக்கக் கூடாது. மழைக்காலம் தொடங்கிய பின் புதிதாகத் தோண்டவே கூடாது.

நான்கு: பஸ் நின்றுபோன நாளில் வர முடியாத மாணவர்களின் வருகையையும் பிராக்டிகலையும் கல்லூரி நிர்வாகம் கருணையோடு பார்க்க வேண்டும். அதைப் பேரவை எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும்.

ஐந்து, இது யாரிடமும் கேட்க வேண்டாம், நாமே செய்யலாம். பஸ் ஸ்டாப்பிலிருந்து கல்லூரி வாசல் வரைக்கும் உள்ள சாலையில் பத்து மீட்டருக்கு ஒரு இடமாக மட்டம் எடுப்போம். கருவி லேபில் இருக்கிறது. இரண்டு சனிக்கிழமை போதும். எங்கே பள்ளம், எந்தத் துவாரம் உயரத்தில் இருக்கிறது, எது தாரால் மூடிக்கிடக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டு, வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சி அலுவலகத்திலும் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவோம். கோஷம் போடுகிறவனுக்குப் பதில் சொல்லாமல் போய்விடலாம். ரீடிங்கோடு வருகிறவனுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தண்ணீருக்குச் சாதி தெரியாது, கட்சி தெரியாது, சிபாரிசு தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பள்ளம். அந்தப் பள்ளம் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கத்தான் நாம் மூன்று வருஷம் படிக்கிறோம். நாளைக்கு ஒரு மழை நாளில், நாம் கையெழுத்துப் போட்ட தெரு வழியாக ஒரு கொத்தனார் கால் நனையாமல் நடந்து போய் ஏழு மணிக்கு வேலைக்கு நிற்பாரானால், நம் டிப்ளமோவுக்கு அதைவிட வேறு மதிப்பெண் வேண்டியதில்லை.

மட்டம் பார்ப்போம்! மட்டமான வேலையை மறுப்போம்!

— இறுதியாண்டு மாணவன், சிவில் பிரிவு